கெண்ட்டில் ஒரே ஒரு நாள்: பென்ஸ்ஹர்ஸ்ட், நோல், ஐட்டம் மோட் – எந்த வீட்டுக்குப் போவது?

சென்ற ஆண்டு கோடையில் பொள்ளாச்சியிலிருந்து என் பெரியம்மாவும் அவருடைய மகள் குடும்பமும் வந்து, லண்டனில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினர். லண்டன் கோபுரம், வின்ட்சர் கோட்டை, பக்கிங்ஹாம் அரண்மனையின் வாயில் என்று வழக்கமான சுற்று முடிந்த பிறகு ஒரு நாள் மாலை பெரியம்மா கேட்டார்: “ராஜா ராணி இருந்த எடமெல்லாம் பாத்தாச்சு கண்ணு. இந்த ஊருப் பண்ணாடிங்க எப்படி இருந்தாங்க? அவங்க ஊடு ஒண்ணக் காட்டு.” அவர்கள் ஊர் திரும்ப நான்கு நாள்களே இருந்தன, அவற்றுள் ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்தது. அந்த ஒரு நாளுக்காக மூன்று வீடுகளை எடைபோட்டுப் பார்த்து நான் எடுத்த முடிவையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

நிலக்கிழாரை எங்கள் ஊர்ப் பேச்சில் பண்ணாடி என்போம். பெரியம்மாவின் அந்தச் சொல் மிகவும் பொருத்தமானது. ஆங்கிலேயர் மேனர் என்று குறிப்பிட்டது முதலில் வீட்டை அன்று, நிலத்தை. ஒரு நிலக்கிழாரின் ஆளுகையில் இருந்த வயல்கள், மேய்ச்சல் நிலம், காடு, ஆலை, அங்கே குடியிருந்த உழவர்கள் ஆகிய எல்லாம் சேர்ந்ததே மேனர். அதன் நடுவில் நின்ற வீட்டின் பெருங்கூடத்தில்தான் வாரமும் குத்தகையும் கணக்குப் பார்க்கப்பட்டன, எல்லைத் தகராறுகள் விசாரிக்கப்பட்டன, வீட்டார் முதல் ஏவலாளர் வரை அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து உண்டனர். ஆகவே இத்தகைய வீட்டைப் பார்க்கப் போகிறவர், அங்கே எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதைவிட, அந்தக் கூடம் எப்படி இயங்கியது என்பது எந்த அளவுக்குக் கண்ணுக்குப் புலப்படுகிறது என்றே முதலில் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்த ஒப்பீட்டில் நான் பிடித்துக்கொண்ட முதல் அளவுகோலும் அதுதான்.

லண்டனிலிருந்து போய் அதே நாளில் திரும்பிவிடக்கூடிய தொலைவில், கெண்ட் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், இத்தகைய வீடுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஹீவர் பலருக்கும் தெரிந்த பெயர். ஆனால் எட்டாம் ஹென்றி மன்னரின் இரண்டாம் மனைவி ஆன் போலினின் கதையைத் தேடுபவர்களுக்கே அது உரியது. சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்துக்காகப் போக வேண்டிய இடமேயன்றி வீட்டுக்காக அன்று. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டால் பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸ், நோல், ஐட்டம் மோட் ஆகிய மூன்றும் எஞ்சுகின்றன. மூன்றிலும் பழைய கூடம் இருக்கிறது. மூன்றையும் சுற்றி நடக்க நிலம் இருக்கிறது. இருந்தாலும் ஒன்றைப் பார்த்தால் மற்றொன்றைப் பார்த்ததாக ஆகாது.

முதலில் பென்ஸ்ஹர்ஸ்ட். நான்கு முறை லண்டன் மேயராக இருந்த துணி வணிகர் ஜான் டி புல்டனி என்பவருக்காக 1341-இல் இங்கே கட்டப்பட்ட பெருங்கூடம், இம்மூன்று வீடுகளிலுள்ள கூடங்களில் ஐயமின்றி மிகச் சிறந்தது. ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்தில் செஸ்ட்நட் மரத்தாலான கூரை. அதைத் தாங்குவதுபோல் செதுக்கப்பட்ட ஆளுயர மர உருவங்கள். தரையின் நடுவே எண்கோண வடிவிலான திறந்த அடுப்பு. புகைபோக்கி என்பதே பரவலாக வராத காலத்தில் ஒரு பெருங்குடும்பம் கூடத்தின் நடுவில் நெருப்பை மூட்டி, புகையைக் கூரைவழியே போகவிட்டு வாழ்ந்திருக்கிறது என்பதை அந்த அடுப்பின் அருகில் நின்று மேலே அண்ணாந்து பார்க்கும்போது விளக்கம் எதுவும் இல்லாமலேயே புரிந்துகொள்ளலாம். மற்ற பழைய வீடுகளில் பிற்காலத்தவர் இந்த நடு அடுப்பை மூடிவிட்டுச் சுவரோரமாகக் கணப்பு கட்டிக்கொண்டார்கள். இங்கே அது அப்படியே விடப்பட்டிருக்கிறது.

அதற்கு உரிமையாளரின் வரலாறும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போதைய உரிமையாளரான பக்கிங்ஹாம் கோமகன் 1521-இல் தலை துண்டிக்கப்பட்ட பின் எட்டாம் ஹென்றியின் கைக்குப் போன இந்தச் சொத்தை, அவருடைய மகன் ஆறாம் எட்வர்ட் 1552-இல் வில்லியம் சிட்னிக்கு அளித்தார். கவிஞரும் போர்வீரருமான பிலிப் சிட்னி இங்கேதான் 1554-இல் பிறந்தார். அன்று முதல் இன்றுவரை வீடு அதே குடும்பத்திடமே இருக்கிறது. தோட்டத்தையும் அவர்களே பேணுகிறார்கள்: சுவர்களுக்குள் 11 ஏக்கர், அதனூடே ஒரு மைலுக்கும் மேல் நீளும் யூ மர வேலி. அந்த வேலிகள் தோட்டத்தைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கின்றன. ஓர் அறையில் ரோஜா, இன்னோர் அறையில் பழமரங்கள், வேறோர் அறையில் ஜூன் தொடக்கத்தில் பூத்துக் குலுங்கும் பியோனி வரிசை என்று மாறி மாறி வரும். தோட்டத்துக்காகவே போகிறவருக்கு நான் தயங்காமல் பென்ஸ்ஹர்ஸ்ட்டைத்தான் சொல்வேன்.

அப்படியிருந்தும் பெரியம்மாவின் கேள்விக்கு இது முழு விடை ஆகவில்லை. கூடத்தைத் தாண்டிப் பிரபுக்களின் அறைகளுக்குள் நுழைந்ததும் ஓவியங்களும் பீங்கானும் படாம் போர்த்திய நாற்காலிகளுமாக மற்ற பெரிய மாளிகைகளின் சாயலே வந்துவிடுகிறது. பண்ணை மறைந்து, அரசவைக் குடும்பம் முன்னுக்கு வந்துவிடுகிறது. குளிர்காலத்தில் வீடு மூடப்பட்டிருக்கும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நோல் அடியோடு வேறு வகையானது. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரி பேராயர் தாமஸ் பௌச்சியர் 1456-இல் வாங்கிப் பெரிதாகக் கட்டிய வீடு இது. அடுத்தடுத்த பேராயர்கள் இதில் வாழ்ந்தனர். 1538-இல் தாமஸ் கிரான்மர் இதை எட்டாம் ஹென்றிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசின் நிதிப் பொறுப்பை வகித்த தாமஸ் சாக்வில் இதைத் தம் குடும்ப இருப்பிடமாக மாற்றி அமைத்தார். ஆண்டின் நாள்களைப் போல 365 அறைகள், வாரங்களைப் போல 52 படிக்கட்டுகள், கிழமைகளைப் போல 7 முற்றங்கள் என்று காலங்காலமாக ஒரு கணக்கு சொல்லப்பட்டு வருகிறது. கணக்கு எப்படியிருந்தாலும், தொலைவிலிருந்து பார்க்கும்போது இதை ஒரு வீடு என்று சொல்ல நா எழாது. ஒரு சிற்றூரின் கூரைகள் என்றே தோன்றும்.

நோலின் தனிச்சிறப்பு, அங்கே காலம் உறைந்து நிற்பதுதான். குடும்பத்தைச் சேர்ந்த ஆறாம் டார்செட் பிரபு அரண்மனையின் நிர்வாகப் பதவியில் இருந்தபோது, அரசர்கள் வேண்டாமென்று கழித்த அறைகலன்களை எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. அப்படி வந்த, பதினேழாம் நூற்றாண்டு ஸ்டூவர்ட் அரசர்கள் காலத்து நாற்காலிகளும் கட்டில்களும் இன்றும் இங்கேதான் இருக்கின்றன. அரண்மனைகளிலேயே அவ்வளவு மிஞ்சவில்லை. அரசர் அறையிலுள்ள கட்டிலின் திரைச்சீலைகள் தங்க, வெள்ளிச் சரிகையால் ஆனவை. பட்டையும் சரிகையையும் வெளிச்சம் தின்றுவிடும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதனால்தான் அங்குள்ள அறைகளை அரையிருட்டில் வைத்திருக்கிறார்கள். முதல் சில நிமிடங்கள் கண் தடுமாறும். பழகிய பிறகு, மங்கிய பொன்னிறம் ஒவ்வோர் இழையாகத் துலங்கி வரும்.

2014-இல் இங்கே நடந்த சீரமைப்பின்போது, மேல்தளத்து அறை ஒன்றின் தரைப்பலகைகளுக்கு அடியிலும் கணப்பைச் சுற்றியும் இருந்த உத்திரங்களில், கத்தியால் கீறிய கட்டங்களும் ஒன்றோடொன்று பின்னிய கோடுகளும் சுடர் வைத்துச் சுட்ட தழும்புகளும் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த மரங்கள் 1605–06 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்பது ஆண்டு வளையங்களிலிருந்து தெரிந்தது. அதாவது, நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதி வெளிப்பட்டதை அடுத்த மாதங்கள். முதலாம் ஜேம்ஸ் அரசர் வந்து தங்கக்கூடும் என்று தயாரான அறையில், சூனியக்காரிகளும் பேய்களும் புகைபோக்கி வழியாக இறங்கிவிடாமல் இருக்கத் தச்சர்கள் இட்ட காப்புக் குறிகள் அவை. கண்ணேறு கழிக்க வாசலில் பூசணிக்காய் உடைப்பவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு நோலின் வெள்ளி மேசையைவிட இந்தக் கீறல்களின் செய்திதான் நெருக்கமானது. பெயர் தெரியாத வேலைக்காரர்களின் அச்சம் அதில் பதிந்திருக்கிறது.

நோலைச் சுற்றியுள்ள 1,000 ஏக்கர் மான் காடு இன்னொரு பெரிய ஈர்ப்பு. மான்கள் மனிதர்களை அஞ்சாமல் மிக அருகில் மேய்கின்றன. அவற்றுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்பதைக் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1987 அக்டோபரில் வீசிய பெரும்புயல் இந்தக் காட்டின் மரங்களில் பெரும்பாலானவற்றை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. நோல் இருக்கும் செவனோக்ஸ் ஊரின் பெயருக்கு ஏழு ஓக் மரங்கள் என்று பொருள். ஏழாம் எட்வர்ட் முடிசூடியதை ஒட்டி அவ்வூர்க் கிரிக்கெட் திடலில் 1902-இல் நட்ட ஏழு ஓக் மரங்களில் ஆறு அன்று விழுந்தன. இன்று காட்டில் காண்பவற்றுள் பெரும்பகுதி அதன் பிறகு வளர்ந்த இளமரங்களே. ஆனால் வீட்டை ஒட்டிய தோட்டம் குடும்பத்தாரின் தனிப்பட்ட உடைமை. கோடையில் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டுமே அது திறக்கப்படும் என்பதால், தோட்டத்தை நம்பி நோலுக்குப் போகக் கூடாது.

நோலைப் பற்றி நான் கவலையோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முக்கியமான காட்சி அறைகள் எல்லாம் மாடியில் இருக்கின்றன, நடையும் நீளம். அத்தோடு, இது அதிகாரத்தின் வீடு. விருந்தினரை வியக்க வைப்பதற்காகக் கட்டப்பட்டது. அறை அறையாக நடந்து முடிக்கும்போது அரசரும் பிரபுவும் எப்படி ஒருவரையொருவர் வரவேற்றார்கள் என்பது தெரியும். சோறு எங்கே பொங்கினார்கள், யார் எங்கே படுத்தார்கள் என்பது தெரியாது.

ஐட்டம் மோட் இந்த இடத்தில்தான் மற்ற இரண்டையும் முந்துகிறது. ஊர்ப் பெயரை எழுத்துப்படி வாசித்தால் வேறு எப்படியெல்லாமோ வரும். உள்ளூர்க்காரர்கள் சொல்வது ஐட்டம்தான், வாடகைக் கார் கூப்பிடும்போது இது உதவும். 1320-களில் எழுந்த இந்த வீடு ஒரு பள்ளத்தாக்கின் அடியில் மறைந்திருப்பதால், மிக நெருங்கும் வரை கண்ணுக்கே படாது. சரிவில் இறங்கி ஒரு திருப்பத்தில் திரும்பியதும், நான்கு பக்கமும் அகழி சூழ, சாம்பல் நிறக் கல்லும் கறுத்த மரச்சட்டங்களும் கலந்த வீடு, தன் நிழல்மீது தானே அமர்ந்திருப்பதுபோல் தென்படும். அகழியைப் பார்த்ததும் கோட்டை என்ற எண்ணம் வரலாம். ஆனால் அந்தச் சிறு அகழி எந்தப் படையையும் தடுத்திருக்காது. செல்வாக்கைக் காட்டவும் திருடரைத் தள்ளி வைக்கவும் அது போதுமானதாக இருந்திருக்கும்.

பாலத்தைக் கடந்து வாயில் கோபுரத்தின் கீழே நுழைந்தால் கல் பாவிய முற்றம். நான்கு புறமும் அறைகள், நடுவே திறந்த வானம். எழுபதுக்கும் மேற்பட்ட அறைகள் இருந்தாலும், முற்றத்தின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாலே கூடம் எது, வழிபாட்டு அறை எது, சமையல் எந்தப் பக்கம் என்று வீட்டின் அமைப்பு மனத்தில் பதிந்துவிடுகிறது. பெரியம்மா சட்டென்று கேட்ட முதல் கேள்வி இதுதான்: “தவசமெல்லாம் எங்க கொட்டி வெச்சிருப்பாங்க?” அங்கிருந்த தன்னார்வலரிடம் இதை நான் மொழிபெயர்த்துக் கேட்டதும், அவர் மிக மகிழ்ந்து, அகழிக்கு வெளியே மேற்குப் பக்கத்தில் இருக்கும் குதிரை லாயத்தையும் பண்ணைப் பணியாளர் குடியிருப்புகளையும் சுட்டிக்காட்டி, நிலத்தின் வேலையெல்லாம் அந்தப் பக்கமே நடந்தது என்று விளக்கினார். வேறு இரு வீடுகளில் பெரியம்மாவுக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நான் அதிக நேரம் நின்றது புதிய வழிபாட்டு அறையில். 1521-இல் இந்த வீட்டை வாங்கிய ரிச்சர்ட் கிளெமென்ட் அரசவையில் சிறு பதவி வகித்தவர். தம் அரச விசுவாசத்தை ஊருக்கு அறிவிக்க, பீப்பாயைக் கவிழ்த்ததுபோல் வளைந்த மரக் கூரையின் பலகைகளில் டியூடர் அரச குடும்பத்தின் சின்னங்களான ரோஜாவையும் கோட்டைக் கதவையும் வரைய வைத்தார். அவற்றோடு அரசி கேத்தரின் ஆஃப் அரகானின் சின்னமான மாதுளம்பழத்தையும் சேர்த்துக்கொண்டார். ஐநூறு ஆண்டுப் பழமையில் சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகிவிட்டது, பச்சை பாசி நிறத்துக்கு வந்துவிட்டது. இருந்தாலும் கூர்ந்து பார்த்தால் மாதுளையின் பிளந்த தோலும் உள்ளிருக்கும் முத்துகளும் தெரிகின்றன. கேத்தரினை 1533-இல் ஹென்றி விலக்கிய பிறகு அவருடைய சின்னங்கள் பல இடங்களில் அழிக்கப்பட்டன. இந்தக் கூரையிலோ மாதுளை அப்படியே இருக்கிறது. லண்டனிலிருந்து இவ்வளவு தள்ளியிருந்த பண்ணை வீட்டின் கூரையை எவர் வந்து அண்ணாந்து பார்க்கப்போகிறார் என்று விட்டிருக்கலாம்.

ஒவ்வொரு தலைமுறையும் தான் வாழ்ந்த தடத்தை இங்கே விட்டுச் சென்றிருக்கிறது. ஏறத்தாழ 300 ஆண்டு வாழ்ந்த செல்பி குடும்பத்தின் வரவேற்பறையில் பறவைகளும் பூங்கொடிகளும் கையால் வரைந்த பதினெட்டாம் நூற்றாண்டுச் சீனச் சுவர்த்தாள் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வந்ததால், அக்கால ஆங்கிலேயர் இத்தகைய தாளை இந்தியத் தாள் என்றே அழைத்தனர். அடுத்து வந்த கோலியர்-ஃபெர்குசன் குடும்பம் தங்கள் செயின்ட் பெர்னார்ட் நாய்க்காக முற்றத்தில் கட்டிய மரக்கூண்டு, வீட்டைப் போலவே முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. குழந்தைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். அதே குடும்பத்தின் மகன் ஒருவர் 1917 ஜூலை 31 அன்று, தம் 21-ஆம் வயதில், பெல்ஜியப் போர்க்களத்தில் இறந்து, பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்றார்.

1951-இல் இந்த வீடு விற்பனைக்கு வந்து இடிபடும் நிலையில் இருந்தது. உள்ளூர்க்காரர் மூவர் சேர்ந்து அதை வாங்கி நிறுத்தினர். 1953-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹென்றி ராபின்சன் அதை வாங்கிச் செப்பனிட்டார். 1985-இல் அவர் இறந்தபோது வீடு அவருடைய விருப்பப்படி, பழைய வீடுகளையும் நிலங்களையும் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சென்றது. 1989 முதல் 2004 வரை ஒரு கோடி பவுண்டுக்கும் மேல் செலவிட்டு, வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, உளுத்த மரத்தை மட்டும் மாற்றி, மீண்டும் பூட்டினார்கள். ராபின்சனின் நூலக அறையை அவர் காலத்தில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். அவருடைய அஸ்தியும் இந்த வீட்டின் சுவரிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அயலார் ஒருவரின் பற்றால் இது பிழைத்தது என்பதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

குறை என்று சொல்ல வேண்டியது போக்குவரத்துதான். நோலுக்கு லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து செவனோக்ஸ் வரை சுமார் அரை மணி நேர இரயில் பயணம். அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் நடை. கார் இல்லாதவருக்கு இதைவிட எளிய இடம் இல்லை. பென்ஸ்ஹர்ஸ்ட்டுக்கு அதே பெயரில் ஓர் இரயில் நிலையம் இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். நிலையத்திலிருந்து வீடு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஐட்டம் மோட் செவனோக்ஸிலிருந்து சாலைவழி பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அருகில் இரயில் இல்லை, பேருந்து அரிது. முன்பு ஒருமுறை நானும் மனைவியும் அட்டவணையை நம்பி நிறுத்தத்தில் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். அந்தத் தடத்தில் அன்று வண்டியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முதியவர்களோடு போகிறவர்கள் அந்த வேலையே வைத்துக்கொள்ளக் கூடாது. கார் வேண்டும், அல்லது செவனோக்ஸில் இறங்கித் திரும்பும் பயணத்தையும் சேர்த்து வாடகைக் கார் பேசிக்கொள்ள வேண்டும்.

நன்றாக நடக்கக்கூடியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நோலின் மான் காட்டிலிருந்து ஐட்டம் மோட் வரை கிரீன்சேண்ட் வே என்னும் நடைபாதை செல்கிறது. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். நடுவில் ஒன் ட்ரீ ஹில் என்ற மேட்டிலிருந்து கெண்ட்டின் பசுமை முழுவதும் கண்ணில் விரியும். காலையில் நோலின் காட்டைப் பார்த்துவிட்டு நண்பகலில் மோட்டுக்கு நடந்து சேரலாம். இளைஞர்களுக்கும் தனியே வருபவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது இந்த நடையைத்தான்; ஆனால் அன்று நோல் வீட்டினுள் நுழையும் ஆசையை விட்டுவிட வேண்டும். ஒரே நாளில் இரண்டு வீடுகளின் அறைகளையும் பார்ப்பவர் எதையும் பார்க்கமாட்டார்.

கட்டணத்தில் ஒரு நுட்பம் உண்டு. நோலும் ஐட்டம் மோட்டும் நேஷனல் டிரஸ்ட் வசம் இருப்பதால், அதன் ஆண்டு உறுப்பினருக்கு இரண்டிலும் நுழைவு இலவசம். பென்ஸ்ஹர்ஸ்ட் குடும்பச் சொத்து என்பதால் அந்த உறுப்பினர் அட்டை அங்கே செல்லாது. நோலின் காட்டுக்குள் நடந்து போவதற்குக் கட்டணம் இல்லை. அறைகள் திறந்திருக்கும் நாள்களும் நேரங்களும் பருவந்தோறும் மாறுவதால், கிளம்புவதற்கு முன்தினம் அந்தந்த வீட்டின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

முட்டி வலி உள்ளவர்களைப் பொறுத்தவரை, மோட்டில் கார் நிறுத்தும் இடத்திலிருந்து வீடுவரை ஒரு சரிவு. முற்றத்துக் கற்கள் மேடுபள்ளமானவை. ஆனால் கூடத்தைத் தரைத்தளத்திலேயே பார்த்துவிடலாம். வழிபாட்டு அறைக்கு மட்டும் படியேற வேண்டும். பெரியம்மா கைப்பிடியைப் பற்றி மெதுவாக ஏறினார். முடியாதவர்கள் முற்றத்தில் அமர்ந்திருந்தாலும் வீட்டின் பாதியைக் கண்டவர்களே.

ஆகவே எங்கள் நாளை ஐட்டம் மோட்டுக்கே கொடுத்தேன், இரவல் காரில். ஜூன் மாதமாக இருந்து, என் அக்காவைப் போலச் செடிகொடிகளில் உயிரை வைத்திருப்பவர் மட்டுமே வந்திருந்தால் பென்ஸ்ஹர்ஸ்ட்டுக்குப் போயிருப்பேன். கார் கிடைக்காமல் இருந்து, நடக்கத் தயங்காத பெரிய பிள்ளைகள் உடன் வந்திருந்தால் நோல்தான். போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: உள்ளே நுழையும் அவசரத்தில் அகழியைச் சுற்றியுள்ள புல்வெளிப் பாதையை விட்டுவிடாதீர்கள். அறைகளையெல்லாம் பார்த்து முடித்தபின் வெளியே வந்து, அகழியோரமாக ஒரு முழுச்சுற்று நடங்கள். எந்தச் சன்னல் கூடத்தினுடையது, எது வழிபாட்டு அறையினுடையது என்று தண்ணீரில் விழும் நிழலைப் பார்த்தே சொல்லிவிட முடியும். பெரியம்மா அப்படி ஒவ்வொன்றாக விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டை மட்டுமே மாற்றிச் சொன்னார்.